நீலத்திரை சில நாள், பட்டென்று அணைவது சில நாள்: மதர்போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

தூத்துக்குடி டிடிபி:

வணக்கம். வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பள்ளிக்கூட வினாத்தாள், எது வந்தாலும் சரி. ஆவணி முகூர்த்தங்கள் நெருங்குகிற நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் காலை வாரிவிட்டது.

2019இல் அசெம்பிள் செய்தது. ரைசன் 5 2400ஜி பிராசசர், பி450 போர்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி), எஸ்எஸ்டி. முதலில் 8 ஜிபி ராம் ஒன்றுதான் இருந்தது. போன தீபாவளிக்கு வேறு கம்பெனியின் 8 ஜிபி இன்னொன்று வாங்கிப் போட்டேன். மேசைக்கடியில் 600 விஏ யுபிஎஸ்.

சில நாள் நீலத்திரை வந்து, ஏதோ சதவீதம் எண்ணிவிட்டு மறுபடி கிளம்புகிறது. சில நாள் நீலமும் இல்லை, ஒன்றும் இல்லை. விளக்கை ஊதி அணைத்ததுபோல் இருட்டு. சில விநாடிகளில் தானாகவே உயிர் வந்துவிடும். சேமிக்காத வேலை போனது போனதுதான். ஒரு பத்திரிகையில் தாய்மாமன்மார் பெயர் மட்டும் பதினோரு வரி. அதை மூன்று முறை அடித்தேன்.

கடைக்குக் கொண்டுபோனேன். இரண்டு முறை ஃபார்மட் செய்தார்கள், தடவைக்கு 600 ரூபாய். அங்கே நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது. வீட்டுக்கு வந்த மறுநாளே பழைய கதை. இப்போது மதர்போர்டு போய்விட்டது, 7,500 ஆகும் என்கிறார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் அனுபவம் என்கிறார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு முறை அணையும்போதும் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் குறித்துவைத்தேன். 17 தாள் சேர்ந்திருக்கிறது. கடைசி வாரத்தை அப்படியே தருகிறேன்.

செவ்வாய், காலை 10.40. இருட்டு. பத்திரிகைக்குப் புரூஃப் எடுக்கப் போனேன்.
புதன், மதியம் 3.15. நீலம். பெரிய ஃபிளெக்ஸ் ஃபைல் திறந்திருந்தது.
வியாழன், 11.05. இருட்டு. வினாத்தாள், 40 பிரதி.
வெள்ளி, இரவு 8 மணி. நீலம். அதே ஃபிளெக்ஸ்.
சனி, 10.20. இருட்டு. ஒரு வேலையும் செய்யவில்லை, பிரிண்ட் எடுத்து முடித்துவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

இதோடு, வெறுங்காலோடு நின்று கேபினெட்டைத் தொட்டால் எறும்பு ஊர்வதுபோல் சுருசுருவென்கிறது. மேசைக்கடியில் ஒரு பல்லி வேறு. இருட்டு வருவதற்குச் சற்று முன் 'டிக்' என்று சொல்கிறது. மாமியார் பஞ்சாங்கத்தை எடுத்து அந்தத் திசைக்குப் பலன் பார்த்தார். தனலாபமாம். 1,200 ரூபாய் கொடுத்துவிட்டு வந்த எனக்கு அப்படித் தெரியவில்லை.

கருப்புக்காப்பி:

2019 மாடலா? வயதாகிவிட்டது அக்கா. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபரோடு ஆதரவை நிறுத்திவிட்டது, உங்கள் பிராசசர் விண்டோஸ் 11 பட்டியலிலும் இல்லை. பழைய இரும்புக்குச் செலவு செய்யாமல் புதிதாக வாங்கிவிடுங்கள்.

பழைய மெக்கானிக்:

தம்பி சொல்கிற தகவல் சரிதான், ஆனால் கேள்விக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. விண்டோஸுக்கு ஆதரவு நின்றுபோனதால் யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் இருட்டடித்துப் போவதில்லை.

அம்மா, இருபது வருடம் இந்த வேலை பார்த்தவன் நான். வருகிறவர்கள் "திடீர் திடீரென்று ஆஃப் ஆகிறது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். நீங்கள் காலண்டர் தாளில் எழுதியதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. உங்கள் வீட்டில் இருப்பது ஒரு நோய் இல்லை, இரண்டு. நீலத்தையும் இருட்டையும் ஒரே கணக்கில் எழுதினால் யாருக்கும் பிடிபடாது.

முதலில், விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பகுதியில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவுகளைப் பாருங்கள். அதைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் போச்சு என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. 41 என்றால் ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் மறுபடி கிளம்பியது என்று மட்டும்தான் பொருள், காரணத்தைச் சொல்லாது. அதன் விவரத்துக்குள் பக்செக்கோடு என்று ஒரு எண் இருக்கும். அது 0 என்றால் விண்டோஸுக்கே என்ன நடந்தது என்று தெரியாமல் உயிர் போயிருக்கிறது. மின்சாரம் அறுந்திருக்கலாம், ஒரேயடியாக உறைந்தும் போயிருக்கலாம். 26 என்று இருந்தால் மெமரி மேனேஜ்மென்ட், 10 என்றாலும் சில நேரம் ராம் காரணமாக இருக்கலாம். எண்ணையும் உங்கள் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நீலத்துக்கு: ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் தோல்விதான். பிறகு ஒவ்வொரு ராமையும் தனியாகப் போட்டு ஓட்டுங்கள். கழற்றும்போது பொன்னிறப் பட்டையைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள். கடலோர ஊரில் அதுவே பல கேஸை முடித்துவைக்கும்.

இருட்டுக்கு ஒரே கேள்வி. பிரிண்டர் லேசரா? அதன் பிளக் எங்கே செருகியிருக்கிறது?

தூத்துக்குடி டிடிபி:

அண்ணாச்சி, லேசர்தான். யுபிஎஸ்ஸில்தான் செருகியிருக்கிறது. விலை உயர்ந்த பொருள், பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நான்தான் அதில் மாற்றினேன்.

எண்களைப் பார்த்தேன். நீலம் என்று எழுதிய நாளெல்லாம் 26, இரண்டு நாள் மட்டும் 10. இருட்டு நாள் அத்தனையும் 0. ஒன்றுகூடத் தப்பவில்லை.

ராம் கதை விசித்திரம். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் அரை மணி நேரத்தில் சிவப்பு வரிகள். பழையதைத் தனியாகப் போட்டால் விடியும்வரை சுத்தம். சரி, தீபாவளி ராம்தான் திருடன் என்று அதையும் தனியாகப் போட்டேன். அதுவும் சுத்தம்! ரப்பரால் தேய்த்ததில் கறுப்பாக அழுக்கு வந்தது, ஆனால் சேர்த்துப் போட்டதும் மறுபடி சிவப்பு.

பழைய மெக்கானிக்:

இரண்டு ராமும் நல்லவை, ஜோடிதான் சரியில்லை. பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் அமைப்புத் திரை) ராம் வேகத்தை ஏற்றிவைக்கும் எக்ஸ்எம்பி என்று ஒன்று இயங்கிக்கொண்டிருக்கும், வேகம் 3200 என்று இருக்கும், பாருங்கள். உங்கள் பிராசசருக்கு அதைச் செய்தவர்களே சொல்லும் வரம்பு 2933. ஒற்றை ராம் இருந்தபோது 3200ஐத் தாங்கியிருக்கும். வேறு வேறு சிப் உள்ள இரண்டைச் சேர்த்ததும் தாங்கவில்லை. 2666க்கு இறக்கிவிட்டு மறுபடி ஒரு ராத்திரி ஓட்டுங்கள். பத்திரிகை அடிக்கிற வேலையில் அந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

பிரிண்டரின் பின்பக்க ஸ்டிக்கரில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறது?

தூத்துக்குடி டிடிபி:

4.5 ஆம்பியர். பிரிண்டர் கிளம்பும்போது அறையில் டியூப்லைட் ஒரு முறை கண் சிமிட்டும். அது எப்போதும் உள்ளதுதானே என்று விட்டுவிட்டேன்.

ஒயர்மேன்:

நான் எலக்ட்ரீஷியன், கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் இந்தக் கணக்கு தெரியும். 230 வோல்ட்டில் 4.5 ஆம்பியர் என்றால் ஆயிரம் வாட்டைத் தாண்டுகிறது. 600 விஏ யுபிஎஸ்ஸின் தாக்குப்பிடிக்கும் அளவு 360 வாட் பக்கம்தான். லேசர் பிரிண்டருக்குள் மையை உருக்க ஓர் உருளை இருக்கிறது, 200 டிகிரி பக்கம் சூடாக வேண்டும். அச்சடித்து முடித்த பிறகும் சூடு இறங்காமல் இருக்க இடையிடையே மின்சாரத்தை இழுக்கும். உங்கள் சனிக்கிழமைக் காபி அதுதான்.

அது இழுக்கும்போது வோல்டேஜ் இறங்குகிறது. யுபிஎஸ் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து பேட்டரிக்குத் தாவுகிறது. பேட்டரியால் பிரிண்டரையும் சேர்த்துச் சுமக்க முடியாமல் படுத்துவிடுகிறது. தாவும்போது உள்ளே ரிலே என்கிற தானியங்கி சுவிட்ச் 'டிக்' என்று அடிக்கும். உங்கள் பல்லி அதுதான் அக்கா. கடையில் இந்த யுபிஎஸ்ஸும் இல்லை, பிரிண்டரும் இல்லை. பிறகு எப்படி அணையும்?

எனக்குக் கவலை தருவது அந்தச் சுருசுருப்பு. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டரிலிருந்து கொஞ்சம் மின்சாரம் எப்போதும் கேபினெட்டுக்குக் கசியும். எர்த் வழியாக இறங்கிவிட வேண்டும். எர்த் அறுந்திருந்தால் கேபினெட்டில் 115 வோல்ட் பக்கம் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் கூச்சத்தோடு போகிறது. ஆனால் வீட்டில் கிரைண்டரோ ஃபிரிட்ஜோ கசிந்தால் இதே எர்த்தைத்தான் நம்பியிருக்கிறீர்கள். மீட்டர் போர்டிலிருந்து எர்த் குழிவரை கம்பியைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாகத் தொட வேண்டாம்.

தூத்துக்குடி டிடிபி:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், முகூர்த்த வேலை விடவில்லை.

பிரிண்டரைச் சுவரில் தனி 15 ஆம்பியர் பாயின்ட்டில் செருகினேன். ராம் வேகத்தை 2666க்கு இறக்கி, மெம்டெஸ்ட் மாலையிலிருந்து காலைவரை ஓடியது, ஒரு சிவப்பு வரி இல்லை. அதற்குப் பிறகு நீலமும் இல்லை, இருட்டும் இல்லை. காலண்டர் தாள் வெறுமையாகக் கிழிகிறது.

எர்த் பார்க்க ஆள் வந்தார். குழிக்குள் இறங்கும் கம்பி உப்புக்காற்றில் உளுத்து, கையில் எடுத்ததும் துருவாக உதிர்ந்தது. பலகை மூடிக்கு அடியில் எத்தனை வருடமாக அப்படி இருந்ததோ. கம்பியை மாற்றி, கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். 1,800 ரூபாய். இப்போது கேபினெட்டில் சுருசுருப்பு இல்லை.

கடையிலிருந்து நேற்று போன் வந்தது, மதர்போர்டு ஆர்டர் போடட்டுமா என்று. வேண்டாம் என்றேன். என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். பிளக்கை மாற்றிச் செருகினேன் என்று சொன்னால் நம்பவில்லை.

மாமியாருக்குத்தான் குறை. பத்து நாளாகப் பல்லி சத்தத்தையே காணோம், வீட்டை விட்டுப் போய்விட்டதா என்று காலையிலும் மேசைக்கடியில் குனிந்து பார்த்தார்.