அத்தி மரம்: முன்பு கேட்டதற்கு ஒரு புதுப்பிப்பு

பழுக்கும் நேரத்தில் அத்திப்பழங்கள் வெடித்துப் புளித்துப் போகின்றன, என்ன செய்யலாம் என்று போன பருவத்தில் கேட்டிருந்தேன். பலரும் சொன்னது ஒன்றுதான்: தண்ணீரைச் சீராக விடுங்கள், வேரடியில் மூடாக்கு (வைக்கோல், சருகு போன்றவற்றால் மண்ணை மூடுவது) போடுங்கள். செய்தேன், வெடிப்பு வெகுவாகக் குறைந்தது. பெருமழைக்குப் பிறகு மட்டும் சில வெடித்தன, அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

பறிக்கும் பக்குவம் கேட்டவருக்கு: காம்பு துவண்டு பழம் தொங்க வேண்டும், தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டும், பறித்த பிறகு அத்தி சரியாகப் பழுக்காது என்பதால் அவசரப்பட்டால் சப்பென்றுதான் இருக்கும். காம்பில் வடியும் பால் பட்டால் சிலருக்கு அரிக்கும், கையுறை போடுங்கள்.

அப்புறம் பதப்படுத்துவது. இரண்டாகப் பிளந்து, வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி பரப்பி, உலர்த்தியில் 60 டிகிரி செல்சியஸ் அளவில் காயவைத்தேன். அமுக்கினால் ஈரம் கசியக் கூடாது, ஆனால் வளைய வேண்டும். ஜாம் போடுகிறவர்கள் எலுமிச்சைச் சாற்றை விட்டுவிடாதீர்கள், அது ருசிக்கு மட்டுமில்லை, அத்தியில் அமிலம் குறைவு, பி.எச். (அமில அளவு, எண் கூடினால் அமிலம் குறைவு) 4.6-ஐத் தாண்டவும் கூடும், அப்படியே புட்டியில் அடைத்து குளிர்பெட்டிக்கு வெளியே வைத்தால் நச்சுக் கிருமி வளரும் ஆபத்து. எனக்கென்னவோ ஜாமைவிட உலர்ந்ததுதான் பிடித்திருக்கிறது. கவாத்து (கிளைகளை வெட்டிவிடுவது) பற்றி, இலை உதிர்ந்த பிறகு வெட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.