வானம் கறுத்தாலே வயிற்றுவலி: பையன் நடிக்கிறானா?

டியூஷன் டீச்சர், முடிச்சூர்:
2023 மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிய குடும்பம். பையனுக்கு 8 வயது. மழை இருட்டினாலே தொப்புளைச் சுற்றி வலி என்கிறான். விட்டிருந்த படுக்கை நனைக்கும் பழக்கமும் இரண்டு மாதமாகத் திரும்பிவிட்டது. ஸ்கேனில் ஒன்றுமில்லை. பள்ளிக்கு மட்டம் போட நடிக்கிறான் என்று அப்பா அடிக்கிறார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

குழந்தைகள் வார்டு நர்ஸ்:
வலி நிஜம், டீச்சர். பயத்தில் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரந்தால் குடலின் அசைவே மாறும். சாதாரண வாயு நகர்வதைக்கூட நரம்புகள் வலியாக எடுத்துக்கொள்ளும். ஸ்கேனில் இது தெரியாது.

ஆனால் எல்லாவற்றையும் பயத்தின் தலையில் கட்டிவிடாதீங்க. எடை குறைவு, மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், வலியில் தூக்கம் கலைவது, இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் மறுபடி காட்டணும். பச்சையாக வாந்தி எடுத்தாலோ, வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கினாலோ அன்றைக்கே.

ஆறு மாதமாவது நனைக்காமல் இருந்தவன் திரும்ப நனைத்தால் சிறுநீர்ப் பரிசோதனை கட்டாயம்: தொற்று, சர்க்கரை இரண்டும். கூடவே தாகம் அதிகமாகி மெலிந்தால் ரத்தச் சர்க்கரைப் பரிசோதனையை ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. மலச்சிக்கலையும் கேளுங்க. நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

பள்ளி ஆலோசகர், தாம்பரம்:
வேறு நோய் இல்லை என்று உறுதியானபின் லீவு போட விடாதீங்க. வீட்டில் இருந்ததும் வலி போனால், அடுத்தமுறை இன்னும் சீக்கிரம் வரும். வலித்தால் வகுப்புக்கு வெளியே 10 நிமிடம் உட்காரட்டும். 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விடட்டும். பிறகு வகுப்புக்கே திரும்பட்டும்.

"ஒண்ணும் ஆகாது" என்றால் நம்பமாட்டான், தண்ணீரைக் கண்ணால் பார்த்தவன். ஐப்பசிக்கு முன்பே அவன் கையாலேயே ஒரு பை கட்டவையுங்க: டார்ச், மாற்றுத்துணி, பிஸ்கட், பிளாஸ்டிக் உறையில் நோட்டுகள். தண்ணீர் வந்தால் யார் வீட்டு மாடிக்குப் போவோம் என்பதும் அவனுக்குத் தெரியணும்.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்க: அமெரிக்காவில் ஃபெலிட்டி, ஆண்டா குழு 1998-ல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதுப் பாதிப்புகளில் நாலு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வும் இதயநோயும் கூடுதலாக இருந்தன. அந்தப் பட்டியலில் வெள்ளம் இல்லை. அடி இருக்கிறது.

மனநல உதவி எண் 14416-க்கு (டெலி-மனாஸ்) அவரே பேசலாம். இலவசம், தமிழிலேயே பேசுவாங்க. அடி நிற்கவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

டியூஷன் டீச்சர், முடிச்சூர்:
அம்மாவைக் கேட்டேன். நாலு நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்கே போகிறானாம்.

குழந்தைகள் வார்டு நர்ஸ்:
அப்போ முதலில் அதைக் கவனிங்க. டாக்டர் மலமிளக்கி கொடுத்தால் இரண்டு நாள் சரியானதும் நிறுத்திவிடக் கூடாது, மாதக்கணக்கில் தேவைப்படலாம். சாப்பிட்டு முடித்ததும் 5 நிமிடம், காலுக்கு ஸ்டூல் வைத்து டாய்லெட்டில் உட்காரவையுங்க.