பேன்ஹேண்டில்: கையேந்தலா, காம்பா?

வணக்கம்.

'பேன்ஹேண்டில்' (panhandle) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டதற்கு வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். சட்டியின் பிடி என்பது அதன் நேர்ப்பொருள். தெருவில் பிச்சை கேட்பதையும், ஒரு நாட்டின் அல்லது மாநிலத்தின் ஒரு பக்கத்தில் பிடிபோல் ஒடுங்கி நீளும் நிலத்தையும் அதே சொல்லால் குறிக்கிறார்கள். இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 2018 அக்டோபரில் மைக்கேல் புயல் ஃபுளோரிடாவின் வடமேற்கு நீட்சியில் கரை கடந்தது. அந்தச் செய்தியை ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்தபோது, 'பிச்சையெடுக்கும் பகுதியைப் புயல் தாக்கியது' என்று வந்தது. வீடிழந்து நின்றவர்களைப் பற்றிய செய்தி அது. அன்றிலிருந்தே இதற்குச் சரியான தமிழ் வேண்டும் என்று மனதில் கிடக்கிறது.

இரண்டு பொருளும் ஒரே தமிழ்ச் சொல்லில் வர வேண்டும் என்று சிலர் விரும்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குறளில் 'இரவு' என்று ஓர் அதிகாரம் உண்டு, 106ஆவது. இரந்து கேட்பது அங்கே பொருள். பொழுது சாய்ந்தபின் வருவதும் இரவுதான். குறளை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் இரண்டுக்கும் சேர்த்து ஒரு சொல் தேடுவாரா? இடம் பார்த்துப் பொருள் கொள்வார். நாமும் அப்படியே செய்யலாம்.

தெருவில் கேட்பதற்குப் புதுச் சொல்லே வேண்டாம். உடம்பிலிருந்து நீட்டிய கை, சட்டியின் பிடிபோல் இருப்பதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். அதே கையைப் பார்த்துத்தான் நாம் எப்போதோ 'கையேந்துதல்' என்று சொல்லிவிட்டோம். சிக்னலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பவரையும் போவோர் வருவோரிடம் சில்லறை கேட்பவரையும் 'கையேந்துவோர்' என்றால் போதும். 'பிச்சைக்காரர்' என்று ஆளின் மேல் முத்திரை குத்தாமல், செய்கையை மட்டும் சொல்கிறது. மிரட்டிக் கேட்பதை அமெரிக்க நகரங்களின் விதிகள் தனியாகப் பிரிக்கின்றன. அதை 'அடாவடிக் கையேந்தல்' எனலாம்.

சிக்கல் நிலத்தில்தான். 'சட்டிப்பிடி' என்று வந்த பரிந்துரை சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் நம் அடுக்களையில் நின்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டு இருப்புச்சட்டிக்கு இரண்டு காதுதான். அம்மா கரித்துணியை வைத்து இரண்டு கையாலும் பிடித்து இறக்குவார். 'சட்டிப்பிடி' என்றால் என் கண்ணில் அந்தக் காதுகள்தான் வருகின்றன, ஒரு பக்கமாக நீளும் நிலம் வரவில்லை.

நம் வீட்டில் ஒரு பக்கம் மட்டும் நீளமாகப் பிடி இருப்பது அகப்பைக்கு. கொட்டாங்குச்சியில் துளை போட்டு மூங்கில் குச்சியைச் செருகியது. அந்தக் குச்சிக்குப் பெயர் காம்பு. மண்வெட்டிக்கும் காம்பு, வெற்றிலைக்கும் காம்பு. ஆகவே என் பரிந்துரை 'காம்புநிலம்'.

அமெரிக்க மாநிலமான ஒக்லஹோமாவின் வரைபடத்தை அகப்பைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேற்கே ஏறத்தாழ 267 கிலோமீட்டர் நீளம், 55 கிலோமீட்டர் அகலத்தில் நேராக ஒரு துண்டு. அதில் மூன்று கவுன்டிகள், அதாவது நம் மாவட்டம் போன்ற பிரிவுகள். அது உருவான கதையும் கனமானது. வட அட்சரேகை 36 பாகை 30 கலைக்கு வடக்கே அடிமைமுறை கூடாது என்று 1820இல் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அடிமைமுறையை விடாத டெக்சஸ், 1850இல் அந்தக் கோட்டுக்கு வடக்கே தனக்கிருந்த நிலத்தைக் கைவிட்டது. 1854இல் கன்சாஸ் எல்லையை 37 பாகையில் வகுத்தார்கள். நடுவில் அரைப் பாகை யாருக்கும் இல்லாமல் கிடந்தது. 'எவருக்குமில்லா நிலம்' என்றே அழைத்தார்கள். 1890இல்தான் ஒக்லஹோமாவோடு ஒட்டினார்கள். காம்பைச் செருகுவது போலவேதான்!

'கழுத்துநிலம்' என்ற பரிந்துரையும் நல்ல சொல், ஆனால் வேறு பொருளுக்கு. சிலிகுரி இடைவழியைக் கோழிக்கழுத்து என்கிறோம். கழுத்துக்கு இரண்டு பக்கமும் உடம்பு உண்டு. அங்கே ஒரு பக்கம் வடகிழக்கு மாநிலங்கள், மறுபக்கம் மற்ற இந்தியா. காம்புக்கு ஒரு முனையில்தான் உடம்பு. இந்த வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது. ஆப்கானிஸ்தானில் வாகான் என்ற ஒடுங்கிய நிலத்துண்டு காம்பில் சேரும், நமீபியாவில் கப்ரிவி என்ற நிலத்துண்டும் அப்படியே.

தனுஷ்கோடியைச் சிலர் எடுத்துக்காட்டினார்கள். அது கடலும் மணலும் செய்த நீட்சி. அரிச்சல்முனை என்ற பெயரிலேயே 'முனை' இருக்கிறது, அதற்கு அந்தச் சொல் போதும். காம்புநிலம் என்பது ஒரு நாட்டின் அல்லது மாநிலத்தின் எல்லைக்கோடு நீண்டுபோகும் இடம். ஒரு பக்கம் கடல் இருந்தாலும் பரவாயில்லை, ஃபுளோரிடாவில் தெற்கே கடல்தானே.

அப்புறம், வரைபடத்தில் எழுத இடம் குறைவாக இருந்தால் 'அலாஸ்காக் காம்பு' என்று சுருக்கலாம். தலைநகர் ஜூனோ அங்கேதான் இருக்கிறது. மாநிலத்தின் மற்ற பகுதியிலிருந்து அதற்குச் சாலை கிடையாது, கப்பலில் அல்லது விமானத்தில்தான் போக வேண்டும். 'அலாஸ்காவின் தலைநகர் அதன் காம்புநிலத்தில் உள்ளது' என்று ஒரு பாடநூல் வரியாக எழுதி வாய்விட்டுப் படித்தேன், தடங்கவில்லை. நீங்களும் உங்கள் வரிகளில் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.