அப்பாவுக்கு 72, சிமுலேட்டரில் உட்கார வைக்கலாமா?

ஈசூன் மகள்:
போன வாரம் அப்பா வலப்பக்கம் திரும்பும்போது எதிரே வந்த மோட்டார்சைக்கிளைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் நான்தான் இருந்தேன், மயிரிழையில் தப்பினோம். 65க்கு மேல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிங்கப்பூரில் எடுக்கவேண்டிய மருத்துவப் பரிசோதனையில் அவர் பாஸ். “டாக்டரே ஓட்டலாம்னு சொல்லிட்டார், உனக்கென்ன?” என்கிறார். புதிதாக லைசென்ஸ் எடுப்பவர்களுக்கு 2019இலிருந்து சிமுலேட்டர், அதாவது திரையைப் பார்த்து கார் ஓட்டிப் பழகும் இயந்திரம், கட்டாயம். வயதானவர்களுக்கும் அது உதவுமா?

பிடோக் குமரன்:
என் அம்மாவை உட்கார வைத்தோம். ஐந்தே நிமிடத்தில் தலைசுற்றி, வாந்தி. “நான் ஃபெயிலாடா?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். பணமும் போச்சு.

பழைய தெரபிஸ்ட்:
குமரன், அது ஃபெயில் இல்லை. கண் ‘போகிறோம்’ என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘இல்லையே’ என்கிறது. வயதானவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம், திருப்பங்களில் இன்னும் அதிகம். நேர்ச்சாலையில் ஆரம்பித்து, மின்விசிறியைப் போட்டு, சீக்கிரம் நிறுத்தியிருக்க வேண்டும்.

ஈசூன் தங்கச்சி, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டாக (அன்றாட வேலைகளைத் தாங்களே செய்ய நோயாளிகளைப் பழக்குபவர்) வேலை பார்த்த காலத்தில் நான் திரையில் வரும் மதிப்பெண்ணை அதிகம் நம்பியதில்லை. கழுத்தைப் பார்ப்பேன். சாலைச் சந்திப்புக்கு வருமுன் எல்லோரும் இருபக்கமும் பார்த்துவிடுவார்கள். உள்ளே நுழைந்த பிறகு இன்னொரு தடவை தலையைத் திருப்புகிறாரா என்பதுதான் விஷயம். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ரோமோசரும் ஃபிஷரும் 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வயதானவர்கள் சொந்தக் காரை ஓட்டுவதைப் படம்பிடித்து அவர்களுக்கே போட்டுக் காட்டி, அப்புறம் சிமுலேட்டரில் பழக்கினார்கள். அந்த இரண்டாவது பார்வை நன்றாகக் கூடியது. வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டவர்களிடம் மாற்றமே இல்லை. அதனால் நீங்களும் வீட்டில் பாடம் எடுக்காதீர்கள்!

சிமுலேட்டரை மட்டும் வைத்து முடிவெடுக்கவும் வேண்டாம். டான் டொக் செங் மருத்துவமனையில் ஓட்டுநர் மதிப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, சாலையில் ஓட்டச் சொல்லியும் பார்ப்பார்கள். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

ஈசூன் மகள்:
நன்றி அண்ணா. கழுத்து விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “இடப்பக்கம் திரும்பினா ரெண்டு வருஷமா வலிக்குதும்மா” என்றார். அம்மாவுக்கே தெரியாதாம். திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறோம், கார் சாவியை அவரே என் மேசையில் வைத்துவிட்டார்.