டாட்டூ டிசைன் முடிவு பண்ணப்போ நடந்ததுல இன்னும் மனசுல நிக்கிற ஒரு விஷயம் சொல்லுங்க

சாய்கோடு

அப்பா போனதுக்கப்புறம் அவருக்காக ஒண்ணு போட்டே ஆகணும்னு இருந்தேன். டிசைன் எல்லாம் ரெடி. கழுகு, கீழ ரோமன் எண்ல தேதி, பின்னாடி ஒரு கடிகாரம், எந்த மாதிரின்னு உங்களுக்கே தெரியும். ஆர்டிஸ்ட் என் போன வாங்கிப் பார்த்துட்டு ரொம்ப சாதாரணமா கேட்டாரு, "உங்கப்பாவுக்கு கழுகு பிடிக்குமா?"ன்னு.

என்கிட்ட பதில் இல்ல. அப்பா கழுக பத்திப் பேசி நான் ஒரு தடவகூட கேட்டதில்ல. கடிகாரமும் அப்படித்தான், அவரு வாட்ச் கட்டின ஆளே கிடையாது. அப்படியே உக்காந்திருந்தேன். அவரு அவசரப்படுத்தல, "அவரு கையால எழுதினது ஏதாவது வச்சிருக்கீங்களா"ன்னு மட்டும் கேட்டாரு. பர்ஸ்ல ஒரு துண்டுச்சீட்டு இருந்துச்சு. "சாவி ஜன்னலில். கதவை ரெண்டு தடவை இழு." அவ்ளோதான் அதுல. எங்க வீட்டுக் கதவு ஒரு தடவையில சாத்தாது, அதுக்காக எழுதி வச்சுட்டுப் போனது.

அத லைட்டுக்கு அடியில வச்சுப் பார்த்தாரு. எழுத்து ரொம்ப பொடி, இதே சைஸ்ல குத்தினா கொஞ்ச வருஷத்துல ழு-வோட சுழி உள்ள அடைச்சு கருப்புப் புள்ளியா நிக்கும், ரெண்டு மடங்காவது பெருசாக்கணும்னாரு. ரெண்டாவது வரிய மட்டும் எடுத்துப் பெருசாக்கி முழங்கைக்குக் கீழ போட்டாச்சு. அழகா இருக்கு, எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா அப்பா எப்பவுமே பொடியாத்தான் எழுதுவாரு, காகிதத்துல மிச்சம் இருக்கிற மூலையில ஒடுக்கி ஒடுக்கி. கையில இருக்கிறது அவரு எழுத்துதான், அவரு சைஸ் இல்ல. இது இன்னும் உறுத்துது. கையெழுத்த டாட்டூவா போட்டவங்க இருந்தா சொல்லுங்க, நீங்க என்ன பண்ணீங்க?

இடதுபக்கம்

கையெழுத்து இல்ல, ஆனா எனக்கும் டிசைன்லதான் பிரச்சினை. தம்பிக்கு ஒரு கிட்னி கொடுத்தேன். ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். ஒரு நாள் அவன் ஒரு படத்தோட வந்தான், ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி டாட்டூ, ஆபரேஷன் தேதியும் நடுவுல ஒரு கோடும். கண்ணுல தண்ணியோட காட்டுறான். நான் வேணாம்னு சொல்லிட்டேன்.

ஏன்னு கேட்டான். "உனக்கு அது கெடச்ச நாள், எனக்கு அது போன நாள், ரெண்டும் ஒரே தேதியா இருந்தாலும் ஒரே நாள் இல்லடா"ன்னேன். அவன் முகம் மாறினது இன்னும் கண்ணுல இருக்கு. கொடுத்ததுக்காக நான் வருத்தப்படுறேன்னு நெனச்சுட்டான். அப்படி இல்லவே இல்ல, இன்னொரு தடவ கேட்டாலும் கொடுப்பேன். ஆனா அந்தத் தேதிய தினமும் பார்க்கணும்னு எனக்குத் தோணல, எனக்கு இருக்கிற தழும்பே போதும். அதுவும் இல்லாம அவன் வாழ்நாள் முழுக்க நோய் எதிர்ப்பைக் குறைக்கிற மாத்திரைல இருக்கிறவன், ஊசி குத்தின புண்ணுல தொற்று வந்தா எங்கள மாதிரி அவனுக்கு லேசா போகாது, டாக்டர்கிட்ட கேக்காம டிசைன் வரைக்கும் வந்துட்டான். அத நான் சொன்னப்போ சாக்கு சொல்றேன்னு நெனச்சான். இன்னும் அந்தப் படம் அவன் போன்ல இருக்கு.

கருமை

நான் முதுகுல ஒரு மரம் போட்டேன், அது நல்லபடியா முடிஞ்சுது, பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. ஸ்டென்சில் ஒட்டினப்போ ஆர்டிஸ்ட் "எந்திரிச்சு நில்லுங்க, கைய தொங்க விடுங்க"ன்னதும் மரம் ஒரு பக்கமா சாஞ்சுது, அழிச்சுட்டு மறுபடி ஒட்டினாரு. அந்த நிமிஷம்தான் எனக்கு எல்லாம் புரிஞ்சுது, உடம்பு காகிதம் இல்லன்னு.

சாய்கோடு, உங்க ஆர்டிஸ்ட் செஞ்சது நூத்துக்கு நூறு சரி, இதுல உறுத்த ஒண்ணுமே இல்ல. இங்க் மேல்தோல்ல நிக்கிறதில்ல, மேல்தோல் உதிர்ந்துகிட்டே இருக்கும், அதுக்குக் கீழ இருக்கிற அடுக்குலதான் நிக்குது. அங்க நோய் எதிர்ப்பு செல்கள் அத முழுங்கி வச்சுக்குது, அந்த செல் செத்தா பக்கத்துல வர்ற புது செல் அதே இங்க மறுபடி முழுங்குது. 2018ல ஃபிரான்ஸ்ல எலிகள வச்சுப் பண்ணின ஆய்வுல இதக் காட்டினாங்க. அதனாலதான் டாட்டூ அப்படியே இருக்கிற மாதிரி தெரியுது, ஆனா கோடு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா அகலமாகும், உறிஞ்சுதாள்ல மை பரவுற மாதிரி. பொடி எழுத்து, நெருக்கமான கோடு, இதெல்லாம் முதல்ல அடி வாங்கும். விரல், பாதம் எல்லாம் சீக்கிரம் மங்கிடும், அங்க அர்த்தமுள்ள எதையும் வைக்காதீங்க. சிவப்பு கேக்குறவங்க கவனம், அலர்ஜி அதிகமா வர்றது சிவப்புலதான். வெள்ளை இங்க்ல மட்டும் ஒரு முழு டிசைன் பண்ணாதீங்க, கொஞ்ச நாள்ல கண்ணுக்கே தெரியாது. கலர் முடிவு பண்ணும்போது எடுக்கிறதயும் யோசிங்க, லேசர்ல கருப்பு ஈசியா போகும், பச்சையும் மஞ்சளும் பாடுபடுத்தும், ஒவ்வொரு சிட்டிங்குக்கும் நடுவுல பொதுவா ஆறு எட்டு வாரம் விடுவாங்க. போடப்போற இடத்துல படத்த பேனாவால வரைஞ்சுகிட்டு கொஞ்ச நாள் சுத்துங்க, கண்ணாடில பாருங்க, சட்டை மாத்திப் பாருங்க. பேரு மட்டும் போடாதீங்க, யாரு பேரா இருந்தாலும்.

தாள்மடிப்பு

கருமை, யாரும் கேக்காம இவ்ளோ சொல்லிட்டீங்க, நல்லதுதான், ஆனா எடுக்கிறத யோசிச்சுகிட்டு ஒருத்தர் தன் அப்பா எழுத்த போட முடியுமா? அவரு கேட்டது கோடு பரவுறத பத்தி இல்லைங்க. சைஸ் மாறினா அது அவரு எழுத்துதானான்னு கேக்குறாரு. அதுக்கு செல் எப்படி முழுங்குதுன்னு சொன்னா எப்படி?

என் கதை. மகள் நாலு வயசுல என்னை வரைஞ்சா. தலை பெருசு, கை காதுலேருந்து வரும், அஞ்சு விரலுக்குப் பதிலா ஒரு கொத்து கோடு. அத அப்படியே, ஒரு கோடுகூட திருத்தாம தோள்ல போட்டேன். ஆர்டிஸ்ட் நெளிஞ்ச கோட்ட நேராக்கிடவான்னு கேட்டப்போ கூடாதுன்னுட்டேன், அந்த நெளிவுக்காகத்தான போடுறதே. இப்போ அவளுக்குப் பத்து வயசு, உண்மையிலேயே நல்லா வரையுறா. போன வாரம் தோள பார்த்துட்டு "அம்மா, இத அழிச்சுடு, நான் இப்போ வரைஞ்சு தர்றேன், உன் மூக்கு எனக்கு சரியா வரும்"னா. ரொம்ப சீரியஸா பென்சிலும் எடுத்துட்டு வந்துட்டா. அந்தப் படம் அவளுக்கு வெக்கமா இருக்காம், ஸ்கூலுக்கு வரும்போது கை வச்ச சட்டை போடச் சொல்றா.

நான் என்ன சொல்லணும்னு தெரியல. என் தோள், ஆனா அவ படம். பெரியவளானா புரிஞ்சுக்குவான்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு இப்போ அவகிட்ட சொல்ல ஒரு பதில் வேணும்.

ஏழாம்படி

எனக்கு நடந்தது சின்ன விஷயம். நெட்ல பார்த்த ஒரு மவோரி டிசைன் (நியூசிலாந்து பூர்வகுடிங்களோடது), தாடைல போடுற சுருள் கோடுங்க, அத தோளுக்கு மாத்திப் போடக் கேட்டேன். ஆர்டிஸ்ட் முடியாதுன்னுட்டாரு. மவோரிகளோட மோக்கோல, அதாவது அவங்க பாரம்பரிய டாட்டூல, அவங்க அவங்க வம்சாவளிதான் கோடா இருக்கு, இந்த போட்டோவுல இருக்கிறவரோட பாட்டன் முப்பாட்டன நீங்க தோள்ல சுமக்கப் போறீங்களான்னு கேட்டாரு. அதுக்கப்புறம் அந்த போட்டோவுல நான் முதல் தடவையா அந்த மனுஷன் கண்ண பார்த்தேன், அதுவரைக்கும் கோட்ட மட்டும்தான் பார்த்திருக்கேன். இன்னும் நான் எதுவும் போடல. நெட்ல எடுக்கிற எந்த டிசைனும் நமக்குச் சொந்தமாகாதுன்னு தோணிப்போச்சு.

அரைப்புள்ளி

ஏழாம்படி, உங்க ஆர்டிஸ்ட் சொன்னத மதிக்கிறேன், ஆனா கடைசி வரிய ஒத்துக்க மாட்டேன். என் மணிக்கட்டுல இருக்கிறது அரைப்புள்ளி, உலகத்துல எத்தனையோ பேரு கையில இருக்கிற அதே அரைப்புள்ளி. தற்கொலை எண்ணம், மன அழுத்தத்தோட போராடுறவங்களுக்காக 2013ல ஏமி ப்ளூயல் அமெரிக்காவுல ஆரம்பிச்சது, வாக்கியத்த முடிச்சிருக்கலாம், ஆனா முடிக்கலன்னு அர்த்தம். புதுசா யோசிக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல, ஏன்னா அது மத்தவங்க கையிலயும் இருக்கணும்ங்கிறதுதான் எனக்கு வேணும்.

ஆஸ்பத்திரில மாத்திரை வாங்குற கவுன்ட்டர். சீட்ட நீட்டினேன், கொடுக்கிற அம்மா என் மணிக்கட்ட பார்த்தாங்க, ஒண்ணும் பேசல. வாட்ச் ஸ்ட்ராப்ப மேல தள்ளினாங்க. அடியில அதே புள்ளி, அதே கமா, கொஞ்சம் மங்கலா, என்னோடத விட பழசு. ஸ்ட்ராப்ப இறக்கிட்டு "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டதுக்கப்புறம்"னு எல்லாருக்கும் சொல்ற மாதிரியே சொன்னாங்க. பின்னாடி ஆள் நின்னாங்க, நான் நகர்ந்துட்டேன்.

அவங்க பேருகூட கேக்கல. அதுக்கப்புறம் அந்தக் கவுன்ட்டர்ல வேற ஆள்தான் இருக்காங்க. நீங்க சொன்ன மாதிரி எனக்கு மட்டுமே புரியுற ஒரு டிசைன் போட்டிருந்தா அந்த ஸ்ட்ராப் மேல போயிருக்காது.

தாள்மடிப்பு, உங்க பொண்ணு இப்போ வரையுறதையும் வாங்கிப் பக்கத்துல போடுங்களேன், பழச அழிக்க வேணாம்.