மலையாளம் பேசாத மலையாளிகள்: ஏற்காடு முகாமில் நான் கோட்டை விட்ட கதை

சேலம் கல்லூரி ஆசிரியர் எழுதுவது:

இளைஞர்களுக்கான பண்பாட்டு உரையாடல் பயிற்சிக்கு மாணவர்களை ஏற்காட்டுக்கு அழைத்துப்போன அனுபவத்தை எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நல்லபடியாக நடந்ததை எழுதினால் ஆண்டறிக்கை போலாகிவிடும். கோட்டை விட்டதை எழுதுகிறேன். நடத்திய அமைப்பின் பெயர் வேண்டாம், தவறில் எனக்கும் பங்கு உண்டு.

மூன்று நாள் முகாம், 24 பேர். பாதிப் பேர் சேலம் மாவட்டத்துப் பிள்ளைகள். மற்றவர்கள் கேரளம், ஒடிசா, மணிப்பூர் என்று பல இடங்களிலிருந்து இங்கே படிக்க வந்தவர்கள். நாளைய தலைவர்கள் என்று சட்டையில் குத்திக்கொள்ள அட்டை வேறு. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் நாளைய தலைவர்களில் ஏழு பேர் வாந்தி எடுத்தார்கள்.

முதல் நாள் முழுக்கச் சொற்பொழிவு. 2001-இல் யுனெஸ்கோ வெளியிட்ட பண்பாட்டுப் பன்மைப் பிரகடனம், மே 21 அதற்கான உலக நாள் என்ற தகவல், பிறகு எல்லாப் பயிற்சிகளிலும் வரும் அந்தப் பனிப்பாறைப் படம். பண்பாட்டில் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம், மறைந்திருப்பது அதிகம் என்று காட்டுவது. தண்ணீருக்கு மேலே உடுப்பும் உணவும், அடியில் மரியாதையும் கூச்சமும். பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

இரண்டாம் நாள் காலையில் சீட்டுக்கட்டு வந்தது. பார்ங்கா என்று ஒரு விளையாட்டு. சிவசைலம் தியாகராஜன் என்ற தமிழர் லைபீரியாவில் பணியாற்றியபோது, 1980-இல் உருவாக்கியது. ஒவ்வொரு மேசைக்கும் விதித்தாள் தருவார்கள். படித்துப் பழகியதும் தாளைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதன்பின் வாய் திறக்கக் கூடாது, எழுதிக் காட்டக் கூடாது, சைகை மட்டும்தான். ஜெயித்தவர் ஒரு மேசைக்கும் தோற்றவர் வேறு மேசைக்கும் மாறிப் போக வேண்டும். சூட்சுமம் என்னவென்றால், மேசைக்கு மேசை விதி வேறு. ஒன்றில் ஏஸ் பெரிய சீட்டு, இன்னொன்றில் அதுவே சிறியது. ஒன்றில் துருப்பு உண்டு, இன்னொன்றில் கிடையாது. இது யாருக்கும் தெரியாது.

ஆத்தூர்ப் பெண் ஒருத்தி ஜெயித்த சீட்டுகளை அள்ளினாள். மணிப்பூர்ப் பையன் அவள் கையிலிருந்து அவற்றை இழுத்தான். அவள் ஒரு கணம் முறைத்தாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு விட்டுக்கொடுத்துவிட்டாள். இவளுக்கு ஆட்டமே தெரியவில்லை என்று அவன் நினைத்தான். இவன் ஏமாற்றுக்காரன் என்று அவள் நினைத்திருப்பாள் என்று நான் எண்ணினேன். அவரவர் மேசை விதிப்படி இருவர் செய்ததும் சரிதான்.

உண்மை தெரிந்ததும் அரங்கம் சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல், “அவன் விதி தப்பு என்று நான் நினைக்கவில்லை சார். என் விதிதான் எனக்கு மறந்துபோயிற்று என்று நினைத்தேன்” என்றாள். அந்த மூன்று நாளில் நான் குறித்துக்கொண்ட ஒரே வாக்கியம் இது. சத்தமாக இருப்பவன் தன் விதியோடு இன்னொரு மேசைக்குப் போகிறான். அடங்கி வளர்ந்த பிள்ளை தன் நினைவையே சந்தேகிக்கிறது. பயிற்றுநர் இதைக் கவனிக்காமல் தேநீர் இடைவேளை அறிவித்தார்.

மாலையில் ஏற்காட்டை அடுத்த நாகலூர்ப் பக்கம் ஒரு சிற்றூருக்குப் போனோம். நிகழ்ச்சி நிரலில் ‘மலையாளிப் பழங்குடியினருடன் சந்திப்பு’ என்று போட்டிருந்தது. அதைப் பார்த்த அமைப்பாளர்கள் கேரளத்து மாணவனையே மொழிபெயர்ப்பாளனாக நியமித்துவிட்டார்கள்! சேலத்திலேயே பிறந்து வளர்ந்த நான் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவன். கண்ணில் பட்டிருக்க வேண்டும், படவில்லை.

அவன் இரவெல்லாம் தயார் செய்த மலையாள உரையை நிதானமாக நிகழ்த்தினான். திண்ணையில் இருந்த ஆயா பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “பிள்ளைக்குத் தமிழ் வராதா?”

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மலையாளிகள் பேசுவது தமிழ். மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள், அண்ணன் தம்பி மூவர் ஆளுக்கொரு மலை ஏறினார்கள் என்று கதை சொல்வார்கள். பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் ஆயா விடவில்லை. ஊர் எது, மலை உண்டா, என்ன விளையும் என்று கேட்டார். அவன் இடுக்கிக்காரன். குருமுளகு என்றான். மிளகா என்றார் அவர். அவ்வளவுதான், எங்களை எல்லாம் மறந்துவிட்டார்கள். இங்கே காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தில் கொடி ஏற்றுகிறார்கள், அங்கே முருக்கு மரத்திலும் ஏற்றுவார்களாம். கொடி வாடினால் என்ன செய்வது, பறிக்க ஆள் கிடைக்கிறதா, கூலி என்ன என்று அவர் தமிழும் அவன் மலையாளமும் முக்கால் மணி நேரம் ஓடின. பயிற்றுநர் தயாரித்துத் தந்த பத்துக் கேள்விகளில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை.

சேலம் குகைப் பகுதியிலிருந்து ஒரு வாசகி:

எனக்கு இதற்கு நேர்மாறாக நடந்தது. நாங்கள் தேவாங்கர், தறிக் குடும்பம். வீட்டில் கன்னடம், கணக்கு வழக்கு தமிழ். எங்கள் தெய்வம் சௌடேஸ்வரிக்குக் கத்தி போடும்போது, அதாவது உடம்பில் கத்தியால் கீறிக்கொண்டு அம்மனை அழைக்கும் சடங்கில், ‘தீசுக்கோ தாயே’ என்று தெலுங்கில் கூப்பிடுவோம். நான் போன ஒருநாள் பயிற்சியில் மாநிலவாரியாக மேசை போட்டிருந்தார்கள். வீட்டில் கன்னடம் என்று தெரிந்ததும் கர்நாடக மேசையில் உட்கார வைத்தார்கள். அங்கே என் கன்னடத்தைக் கேட்டுப் பெங்களூர்ப் பெண்கள் சிரித்தார்கள். தமிழ் மேசைக்குத் திரும்பினால், “நீ அந்த மேசை ஆயிற்றே” என்றார்கள். மதியம்வரை தேநீர்க்காரருக்கு டம்ளர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் பீகார்க்காரர். அங்கே யாரும் அவரிடம் எந்த ஊர் என்று கேட்கவில்லை, நான்தான் கேட்டேன்.

சேலம் கல்லூரி ஆசிரியர்:

அந்த மேசைகளை நானும் போட்டிருக்கிறேன், அம்மா. அடுத்த ஆண்டு மேசைகளில் வைக்கும் ஊர்ப்பெயர் அட்டையை எடுத்துவிட்டோம். சொற்பொழிவு ஒரு மணி நேரம், சீட்டாட்டம் முதல் நாளே. ஆட்டம் முடிந்ததும் விட்டுக்கொடுத்தவர்கள்தான் முதலில் பேச வேண்டும் என்று வைத்தோம். சிலர் அழுதுவிட்டார்கள். அதற்கு என்ன செய்வது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

நாகலூர்ப் பக்கம் மறுபடி போனோம். ஆயா எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: “அந்த மிளகுக்காரப் பிள்ளை வரவில்லையா?”