மூன்று சிவப்பு நூலில் ஐந்து சாயல் ரோஜா: கையிருப்பு நூலும் நீடில்பாயிண்ட்டும்

நீடில்பாயிண்ட் (கேன்வாஸ் முழுக்க நூலால் நிரப்பும் தையல்), கிராஸ் ஸ்டிட்ச் (பெருக்கல் குறித் தையல்) இரண்டின் சார்ட்டுகளிலும், அதாவது கட்டம் போட்ட மாதிரிப் படங்களிலும், பெரும்பாலும் டிஎம்சி என்ற கம்பெனியின் நூல் எண்தான் போட்டிருப்பார்கள். நம்ம பக்கத்து ஃபேன்சி ஸ்டோரில் கிடைப்பதோ ஆங்கர் கம்பெனி நூல். எதற்கு எது ஈடு என்று காட்டும் அட்டவணை பார்த்து டிஎம்சி 310-க்கு ஆங்கர் 403, 666-க்கு 46 என்று எடுத்துவிடலாம். கறுப்புக்கும் பளிச் சிவப்புக்கும் இது போதும். மங்கலான ரோஸ், பாசிப் பச்சை என்று வந்துவிட்டால் அட்டவணை காட்டுவது கிட்டத்தட்ட ஒத்துப்போகும் நிறத்தைத்தான். அந்த எண்ணும் நம் டப்பாவில் இருக்க வேண்டுமே!

அண்மையில் முடித்த குஷன் கவரில் நடுவில் பெரிய ரோஜா. சார்ட்டில் இதழுக்கு மட்டும் ஐந்து சாயல். என்னிடம் இருந்தவை வெளிர் ரோஸ், நடுத்தரச் சிவப்பு, அரக்கு, இவ்வளவுதான். புதிதாக எதுவும் வாங்கவில்லை. ஆங்கர் நூலில் ஆறு இழை இருக்கிறதல்லவா? 14 கவுண்ட் கேன்வாஸுக்கு (அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள சல்லடைத் துணி) எனக்கு ஆறு இழையும் தேவைப்பட்டது. வெளிர் ரோஸில் மூன்று, சிவப்பில் மூன்று சேர்த்து ஒரே ஊசியில் கோத்தேன். அது இரண்டாவது சாயல். சிவப்பும் அரக்கும் மூன்று மூன்றாகச் சேர்ந்தால் நான்காவது. மூன்று நூல், ஐந்து சாயல்! கலந்த இடங்கள் கிட்டப் பார்த்தால் பொடிப்பொடியாகப் புள்ளி வைத்ததுபோல் இருக்கும்; சோபாவில் போட்டுப் பார்த்தால் இதழ் தானாக மடிந்து நிற்கிறது. தனி நிறத்தில் போட்டதைவிட எனக்கு இதுதான் பிடிக்கிறது.

இழைகளை ஒவ்வொன்றாக உருவிப் பிரித்து, பிறகு சேர்த்துக் கோத்துக்கொள்ளுங்கள். அப்படியே முறுக்கோடு சேர்த்தால் நூல் படியாது, நடுவில் கேன்வாஸ் பல்லைக் காட்டும். இரண்டு இழையில் கிராஸ் ஸ்டிட்ச் போடுகிறவர்களுக்கும் இதே வழிதான், ஒன்றும் ஒன்றும்.

நிறம் மாற்றும்போது நான் பார்ப்பது சிவப்பா ஆரஞ்சா என்பதை அல்ல, எது அடர்த்தி எது வெளிர் என்பதைத்தான். நூல்களை வரிசையாக வைத்து மொபைலில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்தால் தெரிந்துவிடும். இரண்டு நூல் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் இதழுக்கும் நிழலுக்கும் வித்தியாசமே இருக்காது. ஏற்ற இறக்கம் சரியாக இருந்தால் ரோஜாவை ஊதாவிலேயே போட்டாலும் ரோஜாதான்.

*

அக்கா, இழை கலக்கிற யோசனை அருமை. நான் பின்னணி பற்றிச் சொல்கிறேன். கிராஸ் ஸ்டிட்ச் போடும் மேட்டி துணியில் பின்னணியைச் சும்மா விடலாம், கேன்வாஸில் முழுக்க நிரப்பியே ஆக வேண்டும். அதிக நூல் தின்பதும் அதுதான். அதனால் முதலில் ஓரத்தில் ஒரு சதுர அங்குலம் போட்டுப் பார்ப்பேன். 14 கவுண்டில் பாஸ்கெட்வீவ் (குறுக்குவாட்டில் போட்டுப் போவது, பின்பக்கம் கூடை முடைந்ததுபோல் வரும்) தையலுக்கு எனக்குச் சுமார் ஒன்றேகால் மீட்டர் ஆகிறது. ஒரு கண்டு 8 மீட்டர் என்றால் ஆறு சதுர அங்குலம்தான் வரும். அறுபது சதுர அங்குலப் பின்னணிக்குப் பத்துக் கண்டு!

என்னிடம் ஒரே கிரீம் நிறத்தில் அவ்வளவு இல்லை. இருந்ததெல்லாம் விதவிதமான நீலத்தில் அரைகுறைக் கண்டுகள். நான் போட்டது ஒரு கிளிப் படம்; சார்ட்டில் கிளிக்குப் பின்னால் வெறும் கிரீம். நான் அதை வானமாக்கினேன். கீழே வெளிர், மேலே போகப்போக அடர்நீலம். நிறம் மாறும் வரியை நேர்கோடாக நிறுத்தாமல் முன்னும் பின்னுமாகக் கட்டம் விட்டுப் போட்டதால் பட்டை தெரியவில்லை. பாதித் தையல் (கிராஸில் ஒரு கோடு மட்டும், வரிசை வரிசையாக) போட்டிருந்தால் கேன்வாஸ் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கோணியிருக்கும்; பாஸ்கெட்வீவ் என்பதால் சதுரம் சதுரமாகவே நின்றது. பின்னணிக்கு அதைத்தவிர வேறு எதையும் நான் தொடுவதில்லை.

*

இரண்டு பேருக்கும் நன்றி. ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். பழைய டப்பாவிலிருந்து சிவப்பு, அரக்கு, கருநீலம் எடுத்தால் முதலில் ஈர வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், சாயம் போவது நிற்கும்வரை குளிர்ந்த தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்த பிறகு ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்கப் போகிற நூலென்றால் கட்டாயம்.